கருமாதிக்கு ஒரு தாலி

"கழுத்தக் குனி புள்ள."

சண்முகவள்ளியின் கையில் ஒரு மஞ்சள் கயிறு இருந்தது. அதில் பொன் தாலி கோத்திருந்தது. அடுப்படியில் உட்கார்ந்து மறுநாள் சமையலுக்குப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த மாயம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பத்து வருசத்துக்கு முன்னால் அவள் கழுத்திலிருந்து கழற்றி வாங்கிய அதே தாலிதான். கயிறு மட்டும் புதுசு.

"எதுக்கு மதினி இது?"

"எதுக்கா? நாளைக்கு எந்தம்பிக்குக் கருமாதி. ஊரு ஒறவெல்லாம் வந்து ஒக்காந்திருக்கும். தாலி கழட்டுற நேரத்துல ஒங்கழுத்து மொட்டையா இருந்தா நல்லாவா இருக்கு? இன்னிக்குப் போட்டுக்க. விடிஞ்சதும் கழட்டிப்புடலாம். ஒரு ராத்திரிதான்."

"ஒரு ராத்திரிக்குத் தாலியா மதினி?"

"பேசாம குனி. பெரிய மனுசன் செத்திருக்கான். தாலி அறுக்க ஒரு பொம்பள இல்லாம கருமாதி நடந்துச்சுன்னு நாளப்பின்ன எவனும் சொல்லிறக் கூடாது."

மாயம்மாள் குனியவில்லை. புளிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள். சண்முகவள்ளி தாலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

செத்தவன் பெண்டாட்டிக்குத் தாலி அறுக்கிற கொடுமையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அறுப்பதற்காகவே ஒரு தாலியைக் கொண்டு வந்து போடுகிற கூத்தைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். தாடிக்கொம்புப் பக்கத்தில் பொன்னுத்துரை வீட்டில் இரண்டாயிரத்து நாலாம் வருசம் அது நடந்தது. எப்படி அந்த நிலைக்கு வந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

பொன்னுத்துரைக்குத் தென்னந்தோப்பும் லாரிகளும் நாலு பேர் கையெடுத்துக் கும்பிடுகிற பெயரும் இருந்தன. எரியோட்டில் மாயம்மாளின் அப்பனுக்கும் அவருக்கும் வாய்க்கால் தகராறு. இரண்டு பக்கமும் மண்டை உடைந்து, கேஸ் நடந்து, கடைசியில் வகையறாப் பெரியவர் பொம்மையன் நடுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்: பொண்ணக் குடுத்து சம்பந்தகாரங்களா ஆயிருங்கப்பா, பகை போயிரும். பொன்னுத்துரையின் முதல் தாரம் கருப்பம்மாள் மஞ்சக்காமாலையில் செத்து ஒரு வருசம் ஆகியிருந்தது. அவருக்கு நாற்பத்தொன்று, மாயம்மாளுக்குப் பதினேழு. அவளைச் சித்தி என்று கூப்பிட வேண்டிய மகன் அழகுராஜாவுக்குப் பத்தொன்பது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனாலும் அவள் வாழ்ந்தாள். சத்யபிரியா பிறந்தாள். பிள்ளைக்குப் பத்து வயசு நடக்கும்போது அழகுராஜாவின் பெண்டாட்டி பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனாள். அவன் தோப்பு மோட்டார் ரூமிலேயே கிடந்தான். மாயம்மாள் வேலையாள் கையில் தூக்குவாளியில் சோறு கொடுத்தனுப்பினாள். பதினோரு நாள். கருவாட்டுக் குழம்பு, கம்பங்கூழ், ஒருநாள் கோழி. அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். புருசனுக்கு ஆறின சோறு, மகனுக்குச் சுடுசோறா என்று முதலில் ஆரம்பித்தது சண்முகவள்ளியின் வாய். பிறகு தெருவே பேசியது.

பொன்னுத்துரை சபையைக் கூட்டினார். அழகுராஜாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். நான்தான் பசிக்குதுன்னு கேட்டேன், சித்தி அனுப்புச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். வயிறு நிறைய வாங்கித் தின்ற வாய் அன்றைக்குத் திறக்கவே இல்லை. பொம்மையன் வைக்கோல் போரிலிருந்து ஒரு துரும்பை உருவிக் கொடுத்தார். பொன்னுத்துரை அதைக் கிள்ளி அவள் முன்னால் போட்டார். அந்த வகையறாவில் துரும்பு கிள்ளிப் போட்டால் புருசன் பெண்டாட்டி உறவு தீர்ந்தது என்று அர்த்தம். கோர்ட்டு வேண்டாம், வக்கீல் வேண்டாம். தாலியைத் திருப்பி வாங்கினார்கள். பிள்ளை அப்பனுக்கு என்றார்கள். சத்யபிரியா அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு விடாமல் கத்தினாள். விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்கள்.

அஞ்சு வருசம். மாயம்மாள் மாசத்துக்கு ஒருநாள் எரியோட்டிலிருந்து பஸ் ஏறி வந்து பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு எதிரே புளியமரத்தடியில் நிற்பாள். ஆரம்பத்தில் பிள்ளை ஓடி வந்து கட்டிக்கொள்ளும். அப்புறம் கண்டித்து வைத்தார்கள். எட்டாம் வகுப்பில் ஒருநாள், கூட வந்த பிள்ளைகள் சிரிக்கவும், சத்யபிரியா அம்மாவைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கடந்து போய்விட்டாள். மாயம்மாள் வாங்கி வந்த வளையலைப் பொட்டலத்தோடு திரும்பக் கொண்டு போனாள்.

தொண்ணூற்றொன்பதில் பொன்னுத்துரைக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போச்சு. தூக்கிக் கழுவிவிட ஆள் வேண்டும். மருமகள் மாட்டேன் என்றாள், சம்பள ஆள் நிற்கவில்லை. அப்போதுதான் பொம்மையனுக்கு மாயம்மாள் ஞாபகம் வந்தது. எரியோட்டுக்கே போய்விட்டார்.

"வாத்தா, ஓம் மனுசன் கெடக்கான்."

"துரும்பு கிள்ளிப் போட்டாச்சே பெரியய்யா."

"அத எவன் இப்பக் கேக்கப் போறான்? ஓம் மக அங்கதான இருக்கா."

மகளுக்காக வந்தாள். மலமும் மூத்திரமும் அள்ளினாள். ஒருநாள் அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது. மஞ்சள் கயிறு ஒன்றை அவர் இடது கையில் கொடுத்துக் கழுத்தைக் காட்டி உட்கார்ந்தாள். அவர் கயிற்றைப் பார்த்தார், தன் இடது கையைப் பார்த்தார், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இடது கையால் தாலி கட்டக் கூடாதாம். அந்தக் கையைத்தான் அவள் தினமும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இப்படியும் ஒரு மனிதன்! அவர் அழுதாரா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

அந்த மனிதர்தான் பதினைந்து நாளைக்கு முன்னால் செத்துப்போனார்.

சண்முகவள்ளியால் ஆகாததை முடிக்க அன்று சாயங்காலம் அழகுராஜாவே வந்தான். கொல்லையில் துவைகல்மேல் உட்கார்ந்திருந்தவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு செருப்பு நுனியால் தரையைக் கீறினான்.

"சித்தி, இது அப்பாவோட கடைசி ஆசை."

"ஒங்கப்பாவுக்கு அஞ்சு வருசமாப் பேச்சு இல்ல அப்பு. தண்ணி வேணும்னு கேக்கவே நாக்கு வரல. ஒங்கிட்ட எப்பச் சொன்னாரு?"

அவன் பேச்சை மாற்றினான்.

"இந்த ஒரு காரியத்த நல்லபடியா முடிச்சுக் குடுங்க. சத்யா காலேஜ முடிக்கட்டும். பி.எட்.டும் நான் படிக்க வைக்கிறேன். எந்தங்கச்சிதான அது? நீங்க மட்டும் கருமாதி முடிஞ்சதும் எரியோட்டுக்குப் போயிருங்க. நீங்க இங்க இருந்தா பழைய பேச்சு திரும்பக் கெளம்பும். என் வீட்டுல தெனமும் சண்ட."

"என் மகளப் பாக்க வரலாமா?"

"அத அப்பறம் பாத்துக்கலாம்."

"மாட்டேன்னு சொன்னா?"

"சொன்னீங்கன்னா அவ படிச்சது போதும். எம்மச்சினன் கேட்டுக்கிட்டேதான் இருக்கான். இந்த வைகாசியிலயே முடிச்சிருவேன்."

மச்சினன் காலையிலேயே குடித்துவிட்டு லாரி ஓட்டுகிறவன். மாயம்மாள் யோசிக்கக்கூட இல்லை.

"சரி அப்பு. ஆனா அத இன்னிக்குப் போட்டுக்கிட்டுப் படுக்க என்னால முடியாது. நாளைக்கு சபையிலயே போடச் சொல்லு."

சத்யபிரியா திண்டுக்கல்லில் சரித்திரம் மூன்றாம் வருசம் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. மாட்டுக்கொட்டத்துப் பக்கம் கயிற்றுக் கட்டிலில் புத்தகத்தோடு இருந்தவளிடம் அம்மா விஷயத்தைச் சொன்னாள். பாதி சொல்லும்போதே புத்தகம் கீழே விழுந்தது.

"ஒத்துக்கிட்டியா? ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சாம்மா?"

"நீ படிக்கணும்ல."

"இந்தா, இதுல ஒரு ராணி இருக்கா. கேட்டுக்க." புத்தகத்தைப் பொறுக்கி எடுத்தாள். "சீனாவுக்கு வடக்க மஞ்சு ஆளுக. அவுகளுக்கு நூர்ஹாசின்னு ஒரு ராசா. ரெண்டு கூட்டத்துக்கும் பகை கூடாதுன்னு பன்னெண்டு வயசுப் புள்ளய அவனுக்குக் கட்டி வச்சாங்க. அபஹாய்னு பேரு. மூணு ஆம்பளப் புள்ள பெத்தா. மூத்த தாரத்து மகனுக்குச் சோறு குடுத்து விட்டான்னு அவ மேலயும் பழி போட்டாங்கம்மா. ராசா தள்ளி வச்சான். அப்பறம் அவனே கூப்பிட்டுக்கிட்டான்."

"சோறு குடுத்ததுக்கா?"

"சோறு குடுத்ததுக்குத்தான். ராசா செத்த மறுநாளு பெரிய மகனுங்க எல்லாம் வந்து நின்னாங்க. நீயும் கூடச் சாகணும், அப்பாவோட ஆசை இதுன்னாங்க. முப்பத்தேழு வயசு அவளுக்கு. சின்னப் புள்ளைக ரெண்ட நல்லாப் பாத்துக்கங்கன்னு அழுதுக்கிட்டே கேட்டா. பாத்துக்கிறோம்னாங்க. செத்துப்போனா."

மாயம்மாள் தன் வயசைக் கணக்குப் பார்த்தாள். தன்னைவிட ஒரு வயசு சின்னவள் என்று நினைத்துக்கொண்டாள்.

"புள்ளைகளப் பாத்துக்கிட்டாங்களா?"

"பாத்துக்கிட்டாங்க. அதுல ஒருத்தன் பின்னாடி சின்ன ராசாவுக்குப் பதிலா இருந்து ராச்சியத்தையே ஆண்டான்."

"அப்ப அவ செத்தது வீணாப் போகல."

"அம்மா!" சத்யபிரியாவுக்கு அழுகை உடைந்துவிட்டது. "ராச்சியம் வேணுமா, ஒங்கம்மா வேணுமான்னு அந்தப் பயகிட்ட யாராவது கேட்டாங்களாம்மா? பத்து வயசுல என்னைய எவனும் கேக்கல. இப்ப நீயும் கேக்க மாட்டேங்குற."

மகளின் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எட்டாப்பு படிக்கையில புளியமரத்துக்கிட்ட ஒன்னயப் பாத்துட்டுப் பாக்காத மாதிரிப் போனேன்ல..."

"தெரியும்த்தா."

"தெரியுமா? ஒரு நாளும் கேக்கவே இல்லயே நீ."

"கேட்டு என்ன ஆகப்போகுது. நீ நல்லா வளந்திருந்த. பாவாட கணுக்காலுக்கு மேல ஏறியிருந்துச்சு. அதப் பாத்துக்கிட்டே நின்னேன்."

மாயம்மாள் மகளின் தலைமுடியைக் கோதிக்கொண்டே கேட்டாள்.

"அந்த ராணி எப்பிடி வாக்கு வாங்குனா? தனியாக் கூப்பிட்டுப் பேசுனாளா?"

"இல்ல. எல்லாரும் கூடி நிக்கையிலதான்."

"ம்."

மறுநாள் பந்தலில் உட்கார இடமில்லை. லாரி ஆட்கள், தேங்காய் வியாபாரிகள், வேடசந்தூர்ப் பக்கத்துச் சொந்தம் எல்லாம் வந்திருந்தார்கள். பின்கட்டில் சாம்பார் கொதித்தது. மாயம்மாளைக் குளிப்பாட்டி, முகம் முழுக்க மஞ்சள் பூசி, பெரிய குங்குமம் வைத்து, கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி, தலை கொள்ளாத மல்லிகை வைத்துக் கூட்டி வந்தார்கள். இருபத்தொரு வருசத்துக்கு முன்னால் கல்யாணத்தன்று அவசர அவசரமாகத் தாலி கட்டிக் கூட்டி வந்தவளுக்கு இவ்வளவு அலங்காரம் நடக்கவில்லை. இம்புட்டு அழகாவா இருந்தா என்று ஒருத்தி வாய்விட்டே சொல்லி அழுதாள். எரியோட்டு அண்ணன் கோடிச் சேலையைப் போர்த்திவிட்டு, தங்கையின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் நகர்ந்துகொண்டான்.

சண்முகவள்ளி தாலியைக் கழுத்தில் போட்டாள். மாயம்மாள் குனிந்து வாங்கிக்கொண்டாள். கழற்றுவதற்கென்று இரண்டு விதவைகள் தயாராக வந்து நின்றார்கள்.

"செத்த பொறுங்க," என்றாள் மாயம்மாள். பந்தலின் கடைசி வரைக்கும் கேட்டது. "அழகு, இங்க வா அப்பு. நேத்து எங்கிட்டச் சொன்னத சபையில ஒரு வாட்டி சொல்லு. சத்யாவப் படிக்க வைப்பேன், அவ சம்மதமில்லாம யாருக்கும் கட்டிக் குடுக்க மாட்டேன். அத மட்டும் சொல்லு. நான் கழட்டிக்கிறேன்."

அழகுராஜாவின் முகம் செத்துவிட்டது. முன்வரிசையில் அவன் மச்சினன் புது வேட்டியோடு உட்கார்ந்திருந்தான்.

"வீட்டுக்குள்ள பேசுனத எதுக்கு சித்தி சபையில? அப்பறம் பேசிக்கலாம்."

"அன்னைக்கும் ஒரு வார்த்ததான் அப்பு. இன்னைக்கும் ஒரு வார்த்ததான்."

அவன் பொம்மையனைப் பார்த்தான். மச்சினனைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. தாலியைக் கழற்றினாலும் சத்யாவை மச்சினனுக்குத்தான் தரப்போகிறான் என்று மாயம்மாளுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு அப்போது கோபம் வரவில்லை.

அவள் பொம்மையன் பக்கம் திரும்பினாள்.

"பெரியய்யா, இந்தத் தாலி யாரு கட்டுனது?"

"ஒம்புருசன் கட்டுனது. அதுல என்னத்தா சந்தேகம்?"

"அப்ப நீங்க உருவிக் குடுத்த துரும்பு?"

பொம்மையன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அந்தத் துரும்பு செல்லும்னா நான் இவருக்குப் பொண்டாட்டி இல்ல. எதுக்கு எங்கழுத்துல கை வைக்கிறீங்க? செல்லாதுன்னா நான் பொண்டாட்டிதான். அப்ப எதுக்கு எம்புள்ளய எங்கிட்ட இருந்து பிரிச்சீங்க? விரல் விரலாப் பிரிச்சு எடுத்தீங்களே! பத்து வயசுல விட்டுட்டுப் போனேன். பதினஞ்சு வயசுல பாக்கையில எங்கிட்டப் பேசவே கூச்சப்பட்டுச்சு. அது பெரிய மனுசி ஆனப்பத் தண்ணி ஊத்தக்கூட நான் இல்ல. அந்த அஞ்சு வருசத்த யாராவது ஒருத்தரு திருப்பிக் குடுங்க. இந்தா, இப்பவே அறுத்துத் தாரேன்."

"பொம்பள சபையில பேசுற பேச்சா இது?" என்று எவனோ சத்தம் போட்டான். ஒரு விதவை கையை நீட்டியவள், நீட்டினபடியே நின்றாள். பிறகு கையை இழுத்துத் தன் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.

மாயம்மாள் எழுந்தாள். பொன்னுத்துரையின் படத்துக்கு முன்னால் ஒரு நிமிசம் நின்றாள். அழுதாள். அது யாருக்காகவும் போட்ட வேசம் இல்லை. தன்னைத் தள்ளி வைத்த மனிதனுக்காகவும் அவளால் அழ முடிந்தது. பிறகு சத்யபிரியாவின் கையைப் பிடித்தாள். சத்யபிரியா புத்தகப் பையை மட்டும் எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் பந்தலைத் தாண்டி ரோட்டுக்குப் போய் எரியோட்டு பஸ்ஸுக்கு நின்றார்கள். பஸ்ஸில் கண்டக்டர், மஞ்சள் முகமும் மல்லிகையும் புதுத் தாலிக் கயிறுமாக நின்றவளைப் பார்த்துவிட்டு, "கல்யாண வீட்டுக்காம்மா போறீங்க?" என்று நல்ல மனசோடு கேட்டார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா இரண்டு டிக்கெட் வாங்கினாள்.

அந்த மாசமே சத்யபிரியா எரியோட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து பரீட்சை எழுதினாள். மேலே படித்தாளா, எப்படிப் படித்தாள் என்பதெல்லாம் வேறு கஷ்டம். புருசன் செத்தும் தாலியோடு திரிகிறாள் என்று மாயம்மாளைத் தெருத் தெருவாகப் பேசினார்கள். எரியோட்டிலும் ஒரு நல்லது கெட்டதுக்கு அவளைக் கூப்பிடவில்லை. அவள் தாலியைக் கழற்றவும் இல்லை.

இங்கே பந்தலில் என்ன செய்தார்கள் தெரியுமா? தாலி கழற்றாமல் கருமாதி முடியாது, கருமாதி முடியாமல் பந்தி போட முடியாது. சனம் பசியோடு உட்கார்ந்திருந்தது, சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. சண்முகவள்ளிக்குத்தான் யோசனை வந்தது. உள்ளே போய் கருப்பம்மாளின் படத்தைக் கழற்றி எடுத்து வந்தாள். அழகுராஜாவைப் பெற்றவள். மஞ்சள் குங்குமத்தோடு போன மகராசி என்று இருபத்திரண்டு வருசமாக ஒவ்வொரு ஆடிக்கும் சிவப்புச் சேலை வைத்து அந்த வீடே விழுந்து கும்பிட்ட தெய்வம். அந்தப் படத்துக்கு ஒரு மஞ்சள் கிழங்கை நூலில் கட்டித் தாலியென்று மாட்டினார்கள். அறுத்தார்கள். கண்ணாடி மேல் வைத்திருந்த குங்குமத்தை, வேறு யாரும் கை வைக்கப் பயப்படவும், மகனே தன் துண்டால் துடைத்தான். மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள்.

பந்தி நடந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள்.

வருகிற ஆடிக்குக் கருப்பம்மாளுக்கு எந்த நிறத்தில் சேலை எடுப்பது என்று சண்முகவள்ளி பொம்மையனிடம் கேட்டாளாம். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.